சபாநாயகர் கையெழுத்து ஒரு தேர்வு ஆகுமா?

"அது சபாநாயகரின் தனி அதிகாரம்." சட்டமன்றச் செயலகத்தில் யாரையாவது பின்வாசல் வழியாக வேலைக்கு வைத்து, அது வெளியே தெரிந்துவிட்டால், எந்தக் கட்சிக்காரரும் சொல்லும் பதில் இதுதான். சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். கேட்டவரும் இது ஏதோ பெரிய சட்ட விஷயம் போலிருக்கிறது என்று வாயை மூடிக்கொள்வார்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க அலுவலகத்தில் ஃபைல் கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன். நியமன ஆணையில் கையெழுத்துப் போடும் அதிகாரி என்பது வேறு. யாரை வேண்டுமானாலும் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்பது வேறு. விளம்பரம் இல்லாமல், போட்டி இல்லாமல், மனதுக்குப் பிடித்தவருக்கு அரசு வேலை கொடுக்கும் அதிகாரத்தை நம் அரசியலமைப்பு சபாநாயகருக்கும் கொடுக்கவில்லை, ஆளுநருக்கும் கொடுக்கவில்லை, ஜனாதிபதிக்கும் கொடுக்கவில்லை. இதைச் சொல்ல வக்கீல் படிப்பு தேவையில்லை. எஸ்டாப்ளிஷ்மென்ட் செக்‌ஷனில் இரண்டு வருடம் உட்கார்ந்தவனுக்கே தெரியும்.

எங்கேயோ நடந்ததை உதாரணமாகச் சொல்கிறேன். அதைப் படித்துவிட்டு நம் ஊரை நினைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

உத்தராகண்ட் மாநிலம் 2000 நவம்பரில் உத்தரப் பிரதேசத்திலிருந்து பிரிந்தது. சட்டமன்றத்தில் 70 தொகுதிகள். அங்கே சார்நிலைப் பணித் தேர்வாணையம் நடத்திய பட்டதாரித் தேர்வின் கேள்வித்தாள் வெளியானது 2022 இல் தெரியவந்தது. கைதுக்கு மேல் கைது. இளைஞர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் சூட்டில்தான் இன்னொரு குட்டும் வெளிப்பட்டது. சட்டமன்றச் செயலகத்தில் எந்தத் தேர்வும் எழுதாமல் வேலைக்கு வந்தவர்களின் பட்டியல் கைக்குக் கை போக ஆரம்பித்தது.

அப்போது சபாநாயகராக இருந்தவர் ரிது கண்டூரி. ஓய்வுபெற்ற அதிகாரிகள் மூன்று பேரைக் கொண்ட ஒரு குழுவை 2022 செப்டம்பர் தொடக்கத்தில் அமைத்தார். மூன்று வாரத்துக்குள் அறிக்கை வந்தது. செப்டம்பர் 23 ஆம் தேதி 228 தற்காலிக நியமனங்களை ரத்து செய்வதாக அவர் அறிவித்தார். 2016 இல் வந்தவர்கள் 150 பேர், 2020 இல் 6 பேர், 2021 இல் 72 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள். 70 உறுப்பினர் உள்ள சபைக்கு, இந்தப் பின்வாசல் ஆட்கள் மட்டுமே உறுப்பினருக்கு மூன்று பேருக்கு மேல்.

அந்த 150 பேரை வைத்தவர் காங்கிரஸ் சபாநாயகர் கோவிந்த் சிங் குஞ்ச்வால். பிந்திய 78 பேரை வைத்தவர் பாரதிய ஜனதா சபாநாயகர் பிரேம்சந்த் அகர்வால். ஆகவே, இது அந்தக் கட்சியின் ஊழல், இது இந்தக் கட்சியின் ஊழல் என்று பிரித்துப் பேச இடமே இல்லை. மேடையில் அடித்துக்கொள்கிறவர்கள் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். ரத்து செய்த அம்மையாரும் பாரதிய ஜனதாதான் என்பதால், தன் கட்சிக்காரர் போட்ட கையெழுத்தையும் சேர்த்து அழித்தார் என்ற பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

குழு என்ன கண்டுபிடித்தது? தேர்வுக் குழு அமைக்கப்படவில்லை. விளம்பரம் வெளியிடப்படவில்லை. வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து பெயர்ப் பட்டியல் கேட்கப்படவில்லை. போட்டித் தேர்வு நடக்கவில்லை. வேண்டியவர்கள் தனித்தனியாக மனு கொடுத்தார்கள், அந்த மனுவின் பேரில் வேலை கொடுக்கப்பட்டது. அரசியலமைப்பின் 14, 16 ஆம் பிரிவுகள் மீறப்பட்டன. இவ்வளவுதான் சாரம்.

வேலை போனவர்கள் உயர் நீதிமன்றம் போனார்கள். தனி நீதிபதி முதலில் தடை கொடுத்தார். நவம்பரில் இரண்டு நீதிபதிகள் அமர்வு அந்தத் தடையை நீக்கியது. டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அவர்கள் மனுவைத் தள்ளியது.

இப்போது அந்தத் "தனி அதிகாரம்" எங்கிருந்து முளைத்தது என்று பார்ப்போம்.

வெள்ளைக்காரன் காலத்தில் தில்லி மத்திய சட்டசபையின் ஊழியர்கள் அரசாங்கத்தின் சட்ட இலாகாவுக்குக் கீழே இருந்தார்கள். அரசாங்கத்தைக் கேள்வி கேட்கும் சபைக்கு, அதே அரசாங்கத்தின் ஆட்களே குமாஸ்தா. 1925 இல் அந்தச் சபைக்குத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் இந்தியர் விட்டல்பாய் படேல், சர்தாருக்கு அண்ணன். சபைக்குத் தனி அலுவலகம் வேண்டும், அது சபைத் தலைவருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று போராடினார். 1929 ஜனவரி 10 ஆம் தேதி அந்தத் தனி இலாகா வந்தது. நம் அரசியலமைப்பை எழுதியவர்கள் அந்தக் கொள்கையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். நாடாளுமன்றத்துக்கு 98 ஆம் பிரிவு, மாநிலச் சட்டமன்றங்களுக்கு 187 ஆம் பிரிவு.

படேல் கேட்ட சுதந்திரம் எதிலிருந்து? அமைச்சரவையின் பிடியிலிருந்து. ஓர் உறுப்பினரின் கேள்வியை அமைச்சருக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக ஊழியர் அமுக்கிவிடக் கூடாது என்பதற்காக. மைத்துனருக்கு வேலை போட்டுக் கொடுக்கும் சுதந்திரத்தை அவர் கேட்கவில்லை.

பிரிவில் உள்ள வாசகத்தையும் பாருங்கள். செயலகப் பணிக்கு ஆள் எடுப்பதைச் சட்டமன்றம் சட்டம் போட்டு ஒழுங்குபடுத்தலாம். அப்படிச் சட்டம் வரும்வரை, ஆளுநர் சபாநாயகரைக் கலந்துகொண்டு விதிகள் வகுக்கலாம். நாடாளுமன்றத்துக்கு இதே வேலையை ஜனாதிபதி செய்வார். அந்த வகையில்தான் மக்களவைச் செயலகத்துக்கு 1955 இலும் மாநிலங்களவைச் செயலகத்துக்கு 1957 இலும் விதிகள் வந்தன. இதில் சபாநாயகருக்கு இருக்கும் இடம் என்ன? விதி வகுக்கும்போது ஆலோசனை சொல்லும் இடம். விதி வந்த பிறகு அதன்படி நடக்கும் இடம். விதிக்கு மேலே ஒரு சிம்மாசனம் போட்டு அதில் அவரை யாரும் உட்கார வைக்கவில்லை.

சரி, சட்டப்படியான நியமனம் என்றால் என்ன? வெளியே இருப்பவர்களுக்கு அது வெறும் காகிதக் கட்டு. உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொரு காகிதமும் ஒரு பூட்டு.

முதலில் பணியிடம் ஒப்புதல் பெற்றதா என்று பார்க்க வேண்டும். நிதித் துறை சம்மதம் வேண்டும். இல்லாத நாற்காலிக்கு ஆள் எடுத்துச் சம்பளத்தைப் பொதுப் பணத்தில் கொடுக்கக் கூடாது என்பதற்கு அந்தப் பூட்டு. அடுத்தது ஆள் சேர்ப்பு விதி. வயது என்ன, படிப்பு என்ன, நேரடி நியமனமா பதவி உயர்வா என்பது ஆளைப் பார்ப்பதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருக்க வேண்டும். ஆளைப் பார்த்துவிட்டு விதி எழுதினால், சட்டையைத் தைத்துவிட்டு உடம்பை அதற்குத் தகுந்தாற்போல் வெட்டுகிற கதை. அடுத்தது ரோஸ்டர் பதிவேடு. இந்த இடம் பொதுவா, தாழ்த்தப்பட்டோருக்கா, பிற்படுத்தப்பட்டோருக்கா என்று அந்தப் பதிவேடு சொல்லும். அப்புறம் விளம்பரம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பட்டியல் வாங்கினால் மட்டும் போதாது, பத்திரிகையிலும் அறிவித்து விண்ணப்பித்தவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று 1996 லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிறகு தேர்வு, மதிப்பெண் பட்டியல், தேர்வுக் குழுவின் கையெழுத்து, சான்றிதழ் சரிபார்ப்பு, போலீஸ் விசாரணை, மருத்துவச் சான்று. இத்தனையும் முடிந்த பிறகுதான் நியமன அதிகாரியின் கையெழுத்து. அந்தக் கையெழுத்து கடைசிப் படி. பின்வாசல் நியமனத்தில் அதுவே முதல் படி, அதுவே ஒரே படி.

எண்பதுகளில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரு சூப்பரிண்டெண்டெண்ட் இருந்தார். பெயர் வேண்டாம், அலுவலகமும் வேண்டாம். ஒருநாள் மேலிடத்திலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வந்தது. இன்னாரை எழுத்தராகப் போடவும் என்று இருந்தது. கொண்டுவந்தவர் எதிரிலேயே நின்றார். எங்கள் சார் கோபப்படவும் இல்லை, பயப்படவும் இல்லை. அந்தச் சீட்டை ஃபைலில் சேர்த்து, பக்க எண் போடச் சொன்னார். அதன் கீழே நோட் எழுதினார். காலியிடம் ஒன்று, விண்ணப்பங்கள் கோரப்பட்டுள்ளன, சீட்டில் குறிப்பிட்டவர் விண்ணப்பிக்கவில்லை, விதியில் இதற்கு இடமில்லை, ஆணைக்காகச் சமர்ப்பிக்கிறேன். நாலே வரி. ஃபைல் மேலே போய் மூன்று மாதம் மேலேயே கிடந்தது. அப்புறம் எந்த ஆணையும் இல்லாமல் கீழே வந்தது. அந்த நாலு வரிக்குக் கீழே கையெழுத்துப் போட ஒருவருக்கும் கை வரவில்லை. ரோஸ்டர்படி, தேர்வுப்படி ஒரு பையன் வந்து சேர்ந்தான். அவனுக்கு இந்தக் கதை எதுவும் தெரியாது. தெரியத் தேவையும் இல்லை. யாருக்கும் நன்றி சொல்லாமல் ஒருவன் வேலையில் சேர முடிகிறதே, அதுதான் முறைப்படியான நியமனத்தின் அழகு.

இப்போது எதிர்வாதங்களுக்கு வருகிறேன். காலை நடைக்கு வரும் நண்பர்கள் இவற்றை ஒவ்வொன்றாக என்னிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"வந்தவர்கள் படித்தவர்கள்தானே, தகுதி இருக்கிறதே?" இது முதல் வாதம். குஞ்ச்வாலும் இதைத்தான் சொன்னார். தம் மகனுக்கும் மருமகளுக்கும் வேலை கொடுத்ததை அவர் மறைக்கவில்லை. அவர்கள் தகுதி உள்ளவர்கள் என்றார். இருக்கலாம். நான் மறுக்கவில்லை. ஆனால் தகுதி என்பது ஒருவரைத் தனியே நிறுத்திப் பார்த்துச் சொல்லும் விஷயமா? பி.ஏ. படித்தவர் இவர் ஒருவர்தானா? மலைக் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து டேராடூன் வந்து, வாடகை அறையில் மூன்று பேராகத் தங்கிப் படித்துக்கொண்டிருந்தவர்களை நீங்கள் கூப்பிடவே இல்லையே. அவர்களோடு நிறுத்திப் பார்த்திருந்தால் அல்லவா உங்கள் மகனின் தகுதி தெரிந்திருக்கும்? ஒருவரே ஓடிய பந்தயத்தில் முதல் பரிசு வாங்கினேன் என்று சொல்வது போல இருக்கிறது.

நாங்கள் பிரெஞ்சு பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். என் வயதுக்காரர்கள் சிலருக்கு நினைவிருக்கும், 1789 இன் மனித உரிமைப் பிரகடனத்தை வாத்தியார் மனப்பாடம் செய்யச் சொல்வார். அதன் ஆறாவது பிரிவு, அரசாங்கப் பதவி எல்லாக் குடிமக்களுக்கும் பொது, திறமையும் ஒழுக்கமும் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது என்று சொல்கிறது. புரட்சிக்கு முன்னால் பிரான்சில் பதவிகளைப் பணம் கொடுத்து வாங்கினார்கள், பிள்ளைக்குச் சொத்துப் போல எழுதி வைத்தார்கள். அதை ஒழிக்கத்தான் அந்தப் பிரிவு. அதிலிருந்து வளர்ந்ததுதான் நம் ஊர்ப் பெரியவர்கள் வாயில் அடிபடும் "கொன்கூர்", போட்டித் தேர்வு.

பாரிஸ் நாடாளுமன்றத்துக்கும் தனிச் செயலகம் உண்டு. அதுவும் அரசாங்கத்துக்குக் கட்டுப்பட்டதல்ல. ஆனாலும் அந்த ஊழியர்களை கொன்கூர் வைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று 1958 நவம்பரில் வந்த அவசரச் சட்டத்தின் எட்டாவது பிரிவிலேயே எழுதியிருக்கிறது. சபையின் சுதந்திரமும் தேர்வும் ஒன்றுக்கொன்று விரோதமில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

அங்கே எல்லாரும் யோக்கியர் என்று நான் சொல்லவில்லை. செயலக ஊழியர் வேறு, உறுப்பினர் தன் சொந்த உதவியாளராக வைத்துக்கொள்பவர் வேறு. இந்த இரண்டாவது வகைக்குக் கொன்கூர் கிடையாது. ஓட்டை அங்கேதான் இருந்தது. ஜனாதிபதி தேர்தலில் ஜெயித்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்த பிரான்சுவா ஃபியோன், தம் மனைவியை உதவியாளராகக் காட்டிப் பொதுப் பணத்தில் பல வருடம் சம்பளம் வாங்கிக் கொடுத்தார் என்ற செய்தியை 2017 ஜனவரியில் 'லெ கனார் ஆன்ஷெனே' பத்திரிகை வெளியிட்டது. அவர் முதல் சுற்றிலேயே தோற்றார். வழக்கு நடந்து தண்டனையும் வந்தது. ஆனால் நமக்கு முக்கியம் அடுத்தது. அதே 2017 செப்டம்பரில் சட்டம் கொண்டுவந்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினர் தம் மனைவியையோ கணவனையோ, பெற்றோரையோ, பிள்ளைகளையோ உதவியாளராக வைக்கக் கூடாது. வைத்தால் தண்டனை உண்டு. ஓட்டை தெரிந்தவுடன் அடைத்தார்கள். ஒரே வருடத்துக்குள். நாம் 'தனி அதிகாரம்' என்று அந்த ஓட்டைக்குப் பெயர் சூட்டி மாலை போடுகிறோம்.

இரண்டாவது வாதம்: "தேர்வு வைத்தால் மட்டும் என்ன வாழுகிறது? கேள்வித்தாளையே விற்கிறார்கள்." உண்மை. உத்தராகண்டிலும் விற்றார்கள். ஆனால் அதில் ஒன்றைக் கவனியுங்கள். கேள்வித்தாளைத் திருடியவன் பிடிபட்டான், ஜெயிலுக்குப் போனான். ஏனென்றால் அங்கே ஒரு கேள்வித்தாள் இருந்தது, தேர்வு இருந்தது, மதிப்பெண் இருந்தது, ஏமாற்றப்பட்டவன் இன்னார் என்று காட்டப் பட்டியல் இருந்தது. பின்வாசலில் திருடுவதற்குக் கேள்வித்தாளே கிடையாது. ஏமாந்தவனுக்குத் தான் ஏமாந்ததே தெரியாது. அப்படி ஒரு வேலை காலியாக இருந்த செய்தியே அவனுக்குப் போகவில்லை. 2024 இல் நாடாளுமன்றம் தேர்வு மோசடிக்கு ஒரு கடுமையான சட்டம் போட்டது. கூட்டுச் சதி என்றால் பத்து வருடம் வரை சிறை, ஒரு கோடி ரூபாய்க்குக் குறையாத அபராதம். நல்லது. ஆனால் தேர்வில் மோசடி செய்தால் பத்து வருடம், தேர்வே வைக்காமல் இருந்தால் ஒன்றுமில்லை என்றால், புத்திசாலித் திருடன் எதைத் தேர்ந்தெடுப்பான்?

மூன்றாவதை யாரும் வாதமாகச் சொல்வதில்லை. பேசாமலே நடக்கிறது. பின்வாசல் திறந்தால் இட ஒதுக்கீடு செத்துப்போகிறது. ரோஸ்டர் பதிவேட்டைத் திறக்காமல் 150 பேரைப் போட்டால், அதில் தாழ்த்தப்பட்டவர் எத்தனை, பழங்குடி எத்தனை என்று யார் கேட்பது? இட ஒதுக்கீட்டால் தகுதி கெட்டுவிட்டது என்று பார்க் பெஞ்சில் உட்கார்ந்து புலம்புகிற சிலர், சிபாரிசில் வந்தவரைப் பற்றி வாய் திறப்பதில்லை. இட ஒதுக்கீட்டில் வருகிற பிள்ளையும் தேர்வு எழுதித்தான், தன் பிரிவில் போட்டி போட்டுத்தான் வருகிறது. போட்டியே இல்லாமல் வருவது சிபாரிசு ஒன்றுதான். தகுதிக்கும் சமூக நீதிக்கும் பொது எதிரி அந்தத் துண்டுச் சீட்டு.

நான்காவது வாதம்தான் கனமானது. "ஆறு வருடம் உழைத்தவர்களைத் திடீரென்று வீட்டுக்கு அனுப்பலாமா? அவர்களுக்கும் பிள்ளை குட்டி இல்லையா?" இதைச் சாதாரணமாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனாலே ஒரு குடும்பம் என்ன ஆகும் என்று நமக்கெல்லாம் தெரியும். மேலும் அவர்கள் நீதிமன்றத்தில் கேட்ட கேள்வியிலும் நியாயம் இருந்தது. 2016 க்கு முன்னால் இதே வழியில் வந்தவர்களை நிரந்தரம் செய்துவிட்டீர்களே, எங்களை மட்டும் ஏன் அனுப்புகிறீர்கள் என்றார்கள். பழைய பாவத்துக்குப் பட்டா கொடுத்துவிட்டுப் புதிய பாவத்துக்குத் தண்டனை கொடுப்பது அரைகுறை நியாயம்தான். அந்த அரைகுறையைச் சரிசெய்யும் வழி, முன்னவர்களின் கணக்கையும் திறப்பதுதான். பின்னவர்களுக்கும் கதவைத் திறந்துவிடுவது அல்ல.

2006 ஏப்ரல் 10 ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கர்நாடக அரசுக்கும் உமாதேவி என்பவருக்கும் இடையிலான வழக்கில் தீர்ப்புச் சொன்னார்கள். அரசு ஊழியர் சங்கங்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர் இருக்க மாட்டார். அரசியலமைப்பு சொன்ன வழியில் வராதவர், எத்தனை வருடம் வேலை பார்த்தாலும் அந்தக் காரணத்துக்காகவே நிரந்தரம் கேட்க முடியாது என்றார்கள். ஆனால் ஒரு வித்தியாசமும் காட்டினார்கள். முறையில் சின்னக் குறை உள்ள நியமனம் வேறு, அடியோடு சட்டவிரோதமான நியமனம் வேறு. ஒப்புதல் பெற்ற இடத்தில், உரிய படிப்போடு, நீதிமன்றத் தடை ஆணையின் தயவில்லாமல் பத்து வருடம் வேலை பார்த்தவர்களை ஒரே ஒரு தடவை பரிசீலிக்கலாம் என்றார்கள்.

2024 டிசம்பரில் ஜக்கோ என்ற துப்புரவுப் பணிப் பெண்மணியும் மற்றவர்களும் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒன்றைச் சொன்னது. பல வருடமாக நிரந்தரமான வேலையை வாங்கிக்கொண்டு, தற்காலிகம் என்ற பெயரில் ஏழைகளைச் சுரண்டும் அரசாங்கம் உமாதேவி தீர்ப்பைக் கேடயமாகப் பிடிக்கக் கூடாது என்றது. சரியான தீர்ப்பு. நம் ஊரில் 'வவுச்சர்' ஆட்கள் என்று பெயர் வாங்கி, தினக்கூலியில் தலை நரைத்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். பெருக்குகிறவர், தோட்டக்காரர், குழாய் திருப்புகிறவர். அவர்களைப் பயன்படுத்திக்கொண்டது அரசாங்கம். பின்வாசலில் வந்தவர் அரசாங்கத்தைப் பயன்படுத்திக்கொண்டார். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, ஏழைத் தொழிலாளியின் கண்ணீரைக் காட்டி மந்திரியின் உறவினருக்கு நிரந்தர ஆணை வாங்குவது பெரிய அயோக்கியத்தனம்.

என் கோபம் அந்த 228 பேர் மீது இல்லை. வேலை கொடுக்கிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சல் எத்தனை பேருக்கு உண்டு? கோபம் கையெழுத்துப் போட்டவர்கள் மீது. 228 குடும்பத்துக்குச் சம்பளம் நின்றது. கையெழுத்துப் போட்ட சபாநாயகர்களுக்கு என்ன நின்றது? அகர்வால் அடுத்த ஆட்சியில் நிதியமைச்சர். இந்த ரத்துக்குப் பிறகும் நிதியமைச்சராக இருந்தார். செயலகத்தின் செயலாளர் சஸ்பெண்ட் ஆனார். எப்போதும் இப்படித்தான். பல்லக்கில் போனவர் இறங்கிப் போய்விடுவார், தூக்கினவன் தோளில் காயம்.

ஆகவே நான் கேட்பது நாலு விஷயம்.

முதலாவது, 98 ஆம் பிரிவும் 187 ஆம் பிரிவும் சொல்கிற அந்தச் சட்டத்தைப் போடுங்கள். அரசியலமைப்பு வந்து எழுபத்தைந்து வருடம் ஆகிவிட்டது. தன் ஊழியர்களை எடுக்கும் முறைக்கு நாடாளுமன்றம் இன்னும் ஒரு சட்டம் போடவில்லை. விதிகளை வைத்தே வண்டி ஓடுகிறது. சட்டம் என்றால் சபையில் விவாதிக்க வேண்டும், மாற்ற வேண்டுமானால் ஊருக்குத் தெரிந்து மாற்ற வேண்டும்.

இரண்டாவது, தேர்வைச் செயலகம் தன் வீட்டுக்குள் நடத்த வேண்டாம். தேர்வாணையத்திடம் கொடுங்கள். தேர்வான பட்டியலிலிருந்து நியமிக்கும் கையெழுத்தைச் சபாநாயகரே போடட்டும். அவர் கௌரவம் ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாவது, அவசரத்துக்குத் தற்காலிகமாக ஆள் எடுத்தால் அதற்கு ஒரு கெடு வையுங்கள். கெடு முடிந்தால் ஆணை தானாகச் சாக வேண்டும். வருடா வருடம் யார் யார் எந்த வழியில் வந்தார்கள் என்ற பட்டியலை அவையில் வையுங்கள்.

நான்காவது, விதியை மீறி நியமித்தால் அந்தச் சம்பளத்தைக் கையெழுத்துப் போட்டவரிடமிருந்து வசூல் செய்யுங்கள். ஒரு தப்பான இன்கிரிமென்ட் போட்டுவிட்டால் ஆடிட் வந்து குமாஸ்தாவிடம் விளக்கம் கேட்கிறார்களே, பென்ஷனில் பிடிப்போம் என்று மிரட்டுகிறார்களே. அந்த நியாயம் மேலே இருப்பவருக்கும் பொருந்தட்டும். இந்த ஒன்று மட்டும் வந்தாலே போதும், தனி அதிகாரம் என்ற பேச்சு தானாக அடங்கிவிடும்.

நம் சபை சின்னது. 30 தேர்ந்தெடுத்த உறுப்பினர், மூன்று நியமன உறுப்பினர். யார் வீட்டுப் பிள்ளை எந்த அலுவலகத்தில் எப்படி உட்கார்ந்தான் என்று இந்த ஊரில் யாருக்கும் தெரியாமல் இருக்க முடியாது. இதைப் படிப்பவர்களில் பாதிப் பேர் என்னைப் போல பென்ஷன் வாங்குகிறவர்கள். இனி நம்மை யாரும் ட்ரான்ஸ்பர் செய்ய முடியாது, மெமோ கொடுக்க முடியாது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுவுக்குப் பத்து ரூபாய். எந்த அலுவலகமாக இருந்தாலும் சரி, எத்தனை பேர், எந்த விளம்பரத்தின் பேரில், எந்தத் தேர்வின் மூலம் வந்தார்கள் என்று மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் எப்படி எழுதுவார்கள், எதை விட்டுவிட்டு எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்த நோட்டையெல்லாம் ஒரு காலத்தில் எழுதியவர்கள் நாம்தானே.